திறப்பு யாருடைய கையில்?

வட அமெரிக்காவில் வாழும் எம்மவர்களுக்குப் பெரிய மண்டபம் என்றால் என்னவென்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஊரிலே விழா என்றால் கோயில் வீதி, பள்ளிக்கூட மைதானம், மிஞ்சிப்போனால் ஒரு நகர மண்டபம். இங்கே வந்தபின் அரங்கேற்றம், கலைவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், பொங்கல் விழா எல்லாமே கூரையின் கீழ்தான். மழையையும் பனியையும் நம்பி வெளியிலே நாள் வைக்க முடியாத நாடு இது. ஆகவே நகரத்து ஓரத்திலுள்ள கண்காட்சி மைதானங்களில் நிற்கும் அந்தப் பென்னாம்பெரிய மண்டபங்களுக்கு எங்களிற் பலர் ஒரு முறையாவது போயிருப்போம். அங்கே வடையும் தேநீரும் அருந்தி, பிள்ளைகளின் நடனத்தைப் பார்த்து, வாகனத் தரிப்பிடத்திலே நின்று ஊர்க்கதை பேசிவிட்டு வந்திருப்போம்.

இம் மண்டபங்கள் முதலில் கமக்காரருக்காகக் கட்டப்பட்டவை. அமெரிக்காவிலே கவுண்டிக்கொரு பொருட்காட்சி, கனடாவிலே நகரத்துக்கொரு கண்காட்சி என்று ஆண்டுதோறும் நடக்கும். மாடு, குதிரை, பன்றி, கோழி என்று தாம் வளர்த்தவற்றைக் கமக்காரர்கள் கொண்டுவந்து பரிசுக்கு நிறுத்துவார்கள். வருடத்திற் சில நாட்களுக்காகக் கட்டிய கட்டிடம் மிகுதி நாட்களில் வெறுமையாகக் கிடக்கலாமா? அதனால் அதனைப் பல தேவைகளுக்கும் பாவிக்கக் கூடியவாறு அமைத்தார்கள். சீமெந்துத் தளத்தின் கீழே குழாய்களைப் பதித்து, அவற்றினுள் உறைநிலைக்குக் கீழே குளிரூட்டிய உப்புநீரை ஓடவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் பனிக்கட்டியாகும். அன்றைக்கு அது ஹொக்கித் தளம். அதன்மேல் பலகை பரப்பினால் மறுநாள் அது இசை நிகழ்ச்சி மண்டபம். பனியை உருக்கிவிட்டு லொறி லொறியாக மண் கொட்டினால் குதிரைச் சவாரிக் களம். இழுத்து விரிக்கவும் மடித்துத் தள்ளவும் கூடிய ஆசன வரிசைகள் இருந்தால் ஒரே வாரத்தில் மூன்று வேடம் போடும்.

நான் பல வருடங்களாக எங்கள் சங்கத்தில் மண்டப ஒழுங்கு பார்ப்பவன். மேடையிலே பேசுபவர்களையும் ஆடுபவர்களையும் எல்லோருக்கும் தெரியும். மண்டபக்காரனைத் தெரிந்தவர் குறைவு. வாடகை, முற்பணம், காப்புறுதிப் பத்திரம், பாதுகாப்பு ஊழியர், துப்புரவுக் கூலி, இரவு எத்தனை மணிக்கு இசை நிற்பாட்ட வேண்டும், அவசர வாசல்களுக்கு முன்னாலே கதிரை போடக்கூடாது, இவைதான் என்னுடைய இலக்கியம். இந்த வேலையினால் எனக்கொரு பழக்கம் வந்துவிட்டது. எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடையைப் பார்க்கமாட்டேன், வாசல்களைப் பார்ப்பேன். எத்தனை வாசல், எது எந்தப் பக்கம் திறக்கும், திறப்பு யாரிடம் இருக்கும் என்பதுதான் முதலிற் கண்ணிற் படும். அந்தப் பழக்கத்தினாலேயே இந்தக் கட்டுரையையும் எழுத நேர்ந்தது.

வன்கூவர் நகரின் கிழக்குப் பக்கத்தில் ஹேஸ்ரிங்ஸ் பூங்கா இருக்கின்றது. பூங்கா என்று பெயர் இருந்தாலும் அது இந்த மாகாணத்தின் பிரதான கண்காட்சி மைதானம். 1889ஆம் ஆண்டு மாகாண அரசு இந்தக் காணியை நகரத்துக்கு வழங்கியது. 1910இல் முதலாவது கண்காட்சி நடந்தபோது அதனைத் திறந்து வைத்தவர் அன்றைய பிரதமர் சேர் வில்பிரட் லோரியர். 1920களின் இறுதியிற் கால்நடை மண்டபம் எழுந்தது. 1933இல் 'ஃபோரம்' என்ற உள்ளரங்கு கட்டப்பட்டது. பனித்தளம் அமைத்து ஹொக்கி ஆடிய இடம் அது. 1940இல் தோட்ட மண்டபம் வந்தது. 1968இல் பசுபிக் கொலிசியம் திறக்கப்பட்டது. வன்கூவர் கனக்ஸ் ஹொக்கி அணிக்கு 1970 முதல் 1995 வரை இதுவே சொந்தத் தளம். 2010 குளிர்கால ஒலிம்பிக்கிலே பனிச்சறுக்கு நடனம் நடந்ததும் இங்கேதான். ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதம் பிற்பகுதியிலே தொடங்கும் கண்காட்சிக்கு, பள்ளிக்கூடம் திறக்குமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாத குடும்பம் இப்பகுதியிற் குறைவு.

நாங்களும் போனோம். மனைவி, மகள், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமி எல்லோருமாக ஒரு சனிக்கிழமை. இராட்டினமும் பஞ்சுமிட்டாயும் முடிந்தபின், மாடு பார்க்க வேண்டுமென்று மாமி ஆசைப்பட்டார். கனடாவுக்கு வந்தபிறகு மாட்டைக் கிட்டநின்று பார்த்ததேயில்லையாம். கால்நடை மண்டபத்துக்குப் போனோம். உயர்ந்த கூரை, வரிசையாக அடைப்புகள், வைக்கோல் மணம். மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வரும்போது மகள் ஒரு விளக்கப் பலகையின் முன்னாலே நின்றுவிட்டாள். நெடுநேரம் வாசித்தாள். பிறகு திரும்பி, "அப்பா, இதுக்குள்ளை ஆக்களை வைச்சிருந்தவையாம். அம்மாமாரையும் பிள்ளையளையும்" என்றாள்.

அவள் வாசித்தது 1942ஆம் ஆண்டின் கதை. 1941 டிசம்பர் 7ஆம் திகதி யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அதன்பின் கனடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவழியினர் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர் ஆயினர். அவர்களிற் பெரும்பான்மையோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். மீன்பிடிகாரர், கமக்காரர், கடைக்காரர், மரம் அரியும் ஆலைத் தொழிலாளர் என்று வாழ்ந்தவர்கள். சுமார் 1,200 மீன்பிடிப் படகுகள் முதலில் பறிக்கப்பட்டன. 1942 பெப்ரவரியில் வந்த அரச கட்டளை, கரையிலிருந்து 100 மைலுக்குட்பட்ட பகுதியிலிருந்து அவர்கள் எல்லோரையும் வெளியேற்ற வழிசெய்தது. 21,000 பேருக்கு மேற்பட்டோர் இவ்வாறு வேரோடு பிடுங்கப்பட்டனர். வளர்ந்தவர் ஒருவர் 150 இறாத்தலும், பிள்ளை ஒன்றுக்கு 75 இறாத்தலும் கொண்டுபோகலாம். மிகுதியெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இத்தனை பேரையும் உடனே எங்கே வைப்பது? அரசுக்குக் கண்ணில் பட்டது கண்காட்சி மைதானம். கூரை இருக்கிறது, வேலி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. மார்ச் நடுப்பகுதியில் முதலாவது தொகுதி மக்கள் ஹேஸ்ரிங்ஸ் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டனர். செப்டெம்பர் வரை 8,000 பேருக்கு மேற்பட்டோர் இதனூடாகக் கடந்துபோனார்கள். பெண்களும் சிறுபிள்ளைகளும் கால்நடை மண்டபத்தில், மாடுகள் கட்டிய அடைப்புகளில். ஆண்கள் ஹொக்கி ஆடிய ஃபோரத்தில். 13 வயதைத் தாண்டிய பையன்களையும் தாயிடமிருந்து பிரித்தே வைத்தார்கள். தாய் ஒரு கட்டிடம், மகன் இன்னொரு கட்டிடம். அன்றைய புகைப்படக்காரர் லெனார்ட் பிராங் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பெரிய தளம் முழுவதும் இரட்டை அடுக்குக் கட்டில்கள், கண்ணுக்கு எட்டிய மட்டும்.

முரியல் கிற்றகாவா என்ற யப்பானியக் கனேடியப் பெண்மணி அந்நாட்களிலே தன் சகோதரனுக்கு எழுதிய கடிதங்கள் 1985இல் நூலாக வெளிவந்தன. சாணத்தின் நாற்றத்தையும், மறைப்போ இருக்கையோ இல்லாமல் வெறும் தகரத் தொட்டியாக இருந்த கழிப்பிடத்தையும் அவர் எழுதியிருக்கிறார். பெண்கள் தமது போர்வைகளைக் கயிற்றிலே கட்டித்தான் மறைப்புச் செய்துகொண்டார்கள். அகதி முகாமைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் நான் விபரிக்கத் தேவையில்லை.

கண்காட்சி மைதானத்தைத் தெரிவு செய்தது கனடா மட்டுமல்ல. அமெரிக்காவிலும் அதே ஆண்டில் அதே காரியம் நடந்தது. வாஷிங்டன் மாநிலத்துப் புயலப் நகரின் பொருட்காட்சி மைதானத்தில் 7,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டார்கள். பார்வையாளர் ஆசனங்களின் அடியிலேகூட அறைகள் தடுத்துக் குடியமர்த்தினார்கள். அந்த இடத்துக்கு 'ஒற்றுமை முகாம்' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் பொமோனா பொருட்காட்சி மைதானத்தில் 5,000 பேருக்கு மேல். ஒறிகனிலே போட்லண்ட் நகரின் கால்நடைக் கண்காட்சி மண்டபத்தில் 3,600 பேருக்கு மேல், அதுவும் ஒரே கூரையின் கீழ். அந்த மண்டபம் பிற்காலத்தில் கவுண்டியின் கண்காட்சி நிலையமாகிப் பொருட்காட்சிகளும் விற்பனைச் சந்தைகளும் கண்டது. 2004இல் அதன் வாசலில் ரயில் நிலையம் அமைந்தபோது, மரத்தாலான வாயில்களில் உலோக அடையாளச் சீட்டுகளைத் தொங்கவிட்டு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று முட்டிச் சத்தமிடும்.

மகள் வாசித்ததைத் தமிழாக்கி மாமிக்குச் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. மாமியின் குடும்பம் 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலிருந்து ஓடிப் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலே அகதியாக இருந்தது. ஒரு வகுப்பறையில் ஏழெட்டுக் குடும்பங்கள். சேலையைக் கட்டி மறைப்பு. பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறை. அக்காலத்தில் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் எங்கள் சனம் ஆயிரக்கணக்கிற் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே "நாங்களும் இப்பிடித்தானே இருந்தனாங்கள்" என்று மாமி சொல்லுவார் என எதிர்பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

"இல்லைத் தம்பி, இது அது இல்லை. எங்களுக்குப் பள்ளிக்கூடம் உள்ளுக்கை இருந்துதான் பூட்டினது. வெளியிலை போனால் வெட்டுவாங்கள் எண்டு நாங்களே கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். இவையளை வெளியிலை இருந்தெல்லே பூட்டி வைச்சிருக்கிறாங்கள்."

பல வருடம் வாசல்களையே பார்த்துவந்த எனக்கு இது தோன்றவில்லை. ஏழெட்டு வரிசை விளக்கப் பலகையிலும் இது எழுதப்படவில்லை. கூரை ஒன்றுதான். கட்டில், போர்வை, வரிசையில் நின்று வாங்கும் சோறு, குழந்தைகளின் அழுகை எல்லாம் ஒன்றுதான். புகைப்படத்தை மட்டும் பார்த்தால் அடைக்கலம் எது, அடைப்பு எது என்று சொல்ல முடியாது. பூட்டு எந்தப் பக்கம் என்பதுதான் வித்தியாசம். 2018இல் கலிபோர்னியாவில் பரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் எரிந்தழிந்தபோது, வீடிழந்தவர்கள் பலர் அருகிலுள்ள சீக்கோ நகரின் பொருட்காட்சி மைதானத்திலே தங்கினார்கள். அங்கும் வரிசையாகக் கட்டில்கள்தான். ஆனால் போக நினைத்தவர் போனார்.

ஹேஸ்ரிங்ஸ் பூங்காவில் அடைக்கப்பட்டவர்களின் கதை செப்டெம்பரோடு முடியவில்லை. அங்கிருந்து அவர்களை மலைப்பகுதியிலுள்ள ஸ்லோக்கன், நியூ டென்வர், காஸ்லோ, தஷ்மி போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். சிலர் அல்பேர்ட்டாவிலும் மனிற்றோபாவிலும் சீனிக்கிழங்குத் தோட்டங்களுக்குப் போனார்கள். 'பாதுகாப்பாக வைத்திருப்போம்' என்று அரசு பொறுப்பெடுத்த வீடு, காணி, கடை யாவும் 1943 முதல் உரியவரின் சம்மதமின்றி விற்கப்பட்டன. போர் முடிந்தபிறகு 1946இல் ஏறக்குறைய 4,000 பேர் யப்பானுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களிற் பலர் அந்த நாட்டை அதற்கு முன் கண்டதேயில்லை. எஞ்சியோர் கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது 1949 ஏப்ரல் 1ஆம் திகதிதான். இத்தனைக்கும் அவர்களில் ஒருவர் மீதாவது நாசவேலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கண்காட்சியோ 1947இலேயே மீண்டும் தொடங்கிவிட்டது. அதே அடைப்புகளிலே மாடுகள் வந்து நின்றன.

அதன்பின் நீண்ட மௌனம். முதற் தலைமுறை பேசவில்லை. பேசினால் பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் மேல் வெறுப்பு வந்துவிடும், அயலவர் தவறாக நினைப்பர், நடந்தது நடந்துவிட்டது என்று விழுங்கிக்கொண்டார்கள். எங்கள் வீடுகளிலும் இந்த வார்த்தைகள் கேட்டுப் பழகியவைதானே! அந்த மௌனத்தைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே உடைத்தார்கள். பழைய கடிதங்களைத் தேடினார்கள். அரச ஆவணங்களைக் கிளறினார்கள். முதியோரை இருத்திக் கேட்டு எழுதினார்கள். ஜோய் கொகாவா என்ற எழுத்தாளர் 1981இல் 'ஒபாசான்' என்ற நாவலை எழுதினார். கூட்டம் கூட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தமக்குள்ளே சண்டையும் பிடித்தார்கள். 1988 செப்டெம்பர் 22ஆம் திகதி பிரதமர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டு அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் நட்ட ஈடாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 46 வருடம் பிந்திய மன்னிப்பு. பணத்தைவிட, 'நாங்கள் பிழை செய்யவில்லை' என்று அரசே சொன்னதுதான் அவர்களுக்குப் பெரிது.

இதெல்லாம் அவர்களுடைய கதை, எமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 1986 ஓகஸ்ட்டில் எம்மவர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்தபோது மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களைப் பல்கலைக்கழக விடுதியிலே தங்கவைத்தார்கள். 2010 ஓகஸ்ட்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் இந்த மாகாணத்தின் கரைக்கு வந்தார்கள். அவர்களைச் சிறைச்சாலைகளில் வைத்தார்கள். பலர் மாதக்கணக்கிலே அடைபட்டிருந்தார்கள். நாடும் அதே நாடு, சனமும் அதே சனம். 24 வருட இடைவெளியில் பூட்டு மறுபக்கம் மாறிவிட்டது. அந்த நாட்களில் எங்கள் கடைகளிலும் விருந்துகளிலும் நான் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கின்றது: "இவையளாலை எங்களுக்கும் கெட்ட பேர்." 1942இலும் அயலவர் பலர் வாய்மூடி இருந்தார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர் எல்லோரும் பூட்டுப் போட்டவர் அல்லர். ஆனால் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மிகவும் முக்கியம்.

அண்மையில் எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்தேன். பழைய கண்காட்சி மண்டபம் எதையாவது விழாவுக்கு எடுத்தால், மங்கல விளக்கேற்றியபின் அந்த இடத்தின் வரலாற்றை ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் வாசிக்க வேண்டும். மறுப்பு உடனே வந்தது. "விழாவிலை ஏன் துக்கம்? சனம் காசு குடுத்துச் சந்தோசமாயிருக்க வருகுது" என்றார் ஓர் அன்பர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது. எங்களுடைய மேடைகளில் துக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் வாசிப்பது எங்கள் துக்கத்தை மட்டுமே. மற்றவருடைய துக்கத்துக்கு இரண்டு நிமிடம் கொடுக்காத சனம், தன்னுடைய துக்கத்தை மற்றவர்கள் கேட்கவில்லை என்று எப்படி முறையிடுவது?

கூட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை. வாக்கெடுப்புக்கு விடுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். வாசகர்களே, எந்த நகரத்தில் நீங்கள் வாழ்ந்தாலும் உங்களுடைய ஊர்க் கண்காட்சி மைதானத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கும். நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டிலே மாமி, அம்மம்மா, அப்பப்பா என்று யாராவது இருந்தால் ஒரு கொப்பியை எடுத்து அவர்கள் சொல்வதை, சொன்னபடியே, திகதியோடும் இடப் பெயரோடும் எழுதி வையுங்கள். யப்பானியக் கனேடியருக்கு 46 வருடத்துக்குப் பிறகு நியாயம் கிடைக்க உதவியவற்றுள் அப்படிப்பட்ட கடிதங்களும் கொப்பிகளும் அடங்கும். என்னுடைய மகள் இப்போது மாமியிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவள் கேட்ட முதலாவது கேள்வி, "அம்மம்மா, அந்தப் பள்ளிக்கூடத்துத் திறப்பு ஆரிட்டை இருந்தது?" என்பதுதான்.